படித்ததாக ஞாபகம்

ஜூலை 3, திங்கள்

டீன் இன்று ஒரு சுற்றறிக்கை விட்டார். இந்த ஆண்டில் அது நாற்பத்தேழாவது. மருத்துவக் கல்விப் பிரிவின் செயலாளர் என்ற முறையில் ஒவ்வொன்றையும் துறை துறையாகச் சுமந்து போய்க் கையெழுத்து வாங்குவது நான்தான் என்பதால் கணக்கு தவறாது.

இனிமேல் புதன்கிழமைதோறும் மூன்று மணிக்கு ஆசிரியர்கள் எல்லாரும் கூட வேண்டுமாம். மருத்துவத்தை எப்படிக் கற்பிப்பது என்று உலகத்தில் புதிதாக வந்த ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றை ஒருவர் படித்து வந்து சொல்ல வேண்டும், மற்றவர்கள் விவாதிக்க வேண்டும். முதல் வாரம் பேசுபவர்: டாக்டர் பொற்கொடி, இணைப் பேராசிரியர், உடலியங்கியல். அதாவது நான்.

பயப்பட ஒன்றுமில்லை. என் கணினியில் 'அவசரம்' என்று பெயரிட்ட ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அதில் நாற்பத்தொரு கட்டுரைகள், மூன்று வருடமாக இறக்கிச் சேர்த்தவை. இறக்கி வைத்தாலே பாதி படித்த நிம்மதி வந்துவிடும்.

மிக்ஸி ஜாரின் அடியில் ஒழுகுகிறது. வாஷர் வாங்க வேண்டும்.

ஜூலை 5, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். பிற்பாடு யாராவது கேட்டால் உதவும்.

திங்கள் மாலை மிக்ஸியோடு போனது. செவ்வாய் முழுக்கச் செய்முறைத் தேர்வு. இன்று காலை ஒரு கட்டுரையைத் திறந்தேன். முதல் பக்கத்திலேயே 'கோட்பாட்டுச் சட்டகம்' என்று வந்தது, மூடிவிட்டேன். மத்தியானம் படித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மத்தியானம் சாப்பாடு.

மூன்று மணிக்கு அரங்கம் நிறைந்திருந்தது. டீன் நல்லமுத்து சார் முன்வரிசையில், பேனாவும் கையுமாக. "ஆரம்பிச்சிரலாங்களா மேடம்? படிச்சுட்டு வந்துட்டீங்கல்ல?" என்றார்.

படிக்கவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் பக்கத்திலிருந்த வைத்தீஸ்வரன், மருந்தியல் பேராசிரியர், எப்போதும் கையில் புத்தகத்தோடு நடமாடுபவர், என்னைப் பார்த்துச் சிரித்தார். "படிக்கலைன்னா சொல்லிடுங்க மேடம், ஒண்ணும் தப்பில்ல. நான் வேணா பேசறேன்" என்றார்.

அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் இது எதுவும் நடந்திருக்காது. இதை அழுத்தமாகப் பதிவு செய்கிறேன்.

"ஸ்கோல்வென் மற்றும் குழு" என்று ஆரம்பித்தேன். எங்கிருந்து வந்தது என்றால், எதிரே மூலையில் நின்ற எடை பார்க்கும் இயந்திரத்தின் நெற்றியில் அப்படி எழுதியிருந்தது. "வடக்கு ஐரோப்பாவில் ஆறு கல்லூரிகள். ஆசிரியர் வாரத்துக்கு ஒரு தடவையாவது வகுப்பில் 'எனக்குத் தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்' என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்ன வகுப்புகளில் மாணவர்கள் கேட்ட கேள்விகள் இரண்டே கால் மடங்கு கூடின."

இரண்டரை என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள். கால் போட்டதும் எல்லாரும் எழுதிக்கொண்டார்கள்.

வைத்தீஸ்வரன் கை தூக்கினார். என் கதை முடிந்தது என்று நினைத்தேன். அவரோ தொண்டையைச் செருமிக்கொண்டு, "நல்ல கட்டுரை. அது வெளிவந்தப்பவே நான் படிச்சுட்டேன். கட்டுப்பாட்டுக் குழு கொஞ்சம் சின்னது, அது ஒண்ணுதான் குறை" என்றார்.

இல்லாத கட்டுரையில் குறை கண்டுபிடித்த மனிதருக்கு முன்னால் நான் என்ன செய்ய முடியும்? ஆமாம், அது ஒன்றுதான் குறை என்று ஒப்புக்கொண்டேன்.

ஜூலை 6, வியாழன்

இது பொய் அல்ல. கருதுகோள்.

ஜூலை 10, திங்கள்

நாற்பத்தெட்டாவது சுற்றறிக்கை. 'ஸ்கோல்வென் ஆய்வின் அடிப்படையில்' ஒவ்வொரு ஆசிரியரும் வாரம் ஒரு முறை வகுப்பில் தெரியாது என்று சொல்வது கட்டாயம். துறைதோறும் 'அறியாமை ஏற்புப் பதிவேடு' ஒன்று வைக்கப்படும். பத்திகள்: தேதி, கேட்கப்பட்ட கேள்வி, அறியாமையின் தன்மை, ஆசிரியர் கையொப்பம், துறைத்தலைவர் மேலொப்பம்.

அறுவை சிகிச்சைத் துறைத்தலைவர் போன் செய்து கத்தினார். முப்பது வருட அனுபவத்தில் தனக்குத் தெரியாதது என்று ஒன்று வரவில்லையாம், இல்லாததை எப்படி எழுதுவதாம். தேடிப் பாருங்கள் சார் என்றேன்.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "இல்லாத கம்பத்துக்கு லைன் இழுத்திருக்கே. இனி கரண்ட் வேற போகுது" என்றார். அவருக்கு எல்லாமே கரண்ட்தான்.

ஜூலை 14, வெள்ளி

எங்கள் துறைப் பதிவேடு காலியாக இருந்தது. வாரம் முடிகிறது, செயலாளரின் துறையே காலி என்றால் நன்றாக இருக்காது. அதற்காக மட்டுமே முதலாண்டு வகுப்பில் தெரியாத கேள்வி ஏதாவது சிக்குமா என்று காத்திருந்தேன்.

சுவாசம் பற்றிய பாடம். மூன்றாவது பெஞ்சில் பர்வீன் என்ற பெண் எழுந்து, "மேடம், ஒருத்தர் கொட்டாவி விட்டா பார்க்கறவங்களுக்கும் ஏன் வருது?" என்றாள். வகுப்பு சிரித்தது. வழக்கமாக இந்த இடத்தில் நான் சொல்வது, 'அது சிலபஸில் இல்லை, உட்கார்.' இருபது வருடமாகச் சொல்கிறேன், ஒரு தடவைகூடத் தோற்றதில்லை.

"எனக்குத் தெரியாது, பார்த்துச் சொல்றேன்" என்றேன்.

அப்புறம் கடைசி வரிசையில் ஒருவன் கை தூக்கினான். அப்புறம் இன்னொருத்தி. மணி அடித்த பிறகும் பதினோரு கேள்விகள். விக்கல், தும்மல், அழும்போது மூக்கு ஒழுகுவது. பாதிக்கு எனக்குப் பதில் தெரிந்தது, பாதிக்குத் தெரியவில்லை. இருபது நிமிடம் கூடுதலாக நின்றேன். அடுத்து வேறு வேலை இல்லாததால் நின்றேன், அவ்வளவுதான்.

தற்செயல். ஒரு வகுப்பை வைத்து எதையும் சொல்ல முடியாது.

மாவு புளித்துவிட்டது. நாளைக்கு ஊத்தப்பம்.

ஜூலை 19, புதன்

இன்று வைத்தீஸ்வரன் முறை. அவருடைய நான்காவது ஸ்லைடில் 'ஸ்கோல்வென் மற்றும் குழு, பக்கம் 214.'

பக்க எண்! நான் அதை யோசிக்கவே இல்லை.

அதோடு நிற்கவில்லை. மூத்த ஆசிரியர்கள் தெரியாது என்று சொன்னால் பலன் இன்னும் அதிகம் என்று ஸ்கோல்வென் கண்டுபிடித்திருக்கிறாராம். என் கட்டுரையில் அப்படி ஒரு முடிவே கிடையாது. ஒருவர் உழைத்து உருவாக்கியதை இன்னொருவர் இஷ்டத்துக்கு நீட்டினால் கோபம் வருமா வராதா?

மாணவர்கள் வேறு பிடித்துக்கொண்டார்கள். வாய்மொழித் தேர்வில் ஒருவன், "தெரியாது சார், இது ஆராய்ச்சிப்படி நல்லதுங்க சார்" என்றானாம். அந்தச் சலுகை ஆசிரியர்களுக்கு மட்டும் என்று ஐம்பதாவது சுற்றறிக்கை வருகிறது.

ஜூலை 23, ஞாயிறு

உண்மையிலேயே இப்படி யாராவது எதையாவது கண்டுபிடித்திருந்தால் ஸ்கோல்வெனை சத்தமில்லாமல் இறக்கிவிட்டு அவரை ஏற்றிவிடலாம். அதற்காக 'அவசரம்' ஃபோல்டரைத் திறந்தேன். ஆறு மணி நேரத்தில் ஒன்பது கட்டுரைகள். 'கோட்பாட்டுச் சட்டகம்' என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை, இவர்கள் எந்தக் கண்ணாடி போட்டுப் பார்க்கிறார்கள் என்பதுதான். இதற்கா மூன்று வருடம் பயந்தேன்?

எதிலும் ஸ்கோல்வெனுக்கு மாற்று கிடைக்கவில்லை. ஆனால் செய்முறை வகுப்பை நான் பின்னாலிருந்து முன்னால் நடத்திக்கொண்டிருக்கிறேன் என்று ஒன்றில் இருந்தது. நாளை மாற்றிப் பார்க்கப் போகிறேன், சும்மா.

"ஞாயித்துக்கிழமை உக்காந்து படிக்கறே. உடம்புக்கு ஏதும் முடியலையா?" என்று வீட்டுக்காரர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். துவைத்த துணி இன்னும் வாளியிலேயே இருக்கிறது.

ஜூலை 27, வியாழன்

நர்சிங் கல்லூரி ட்யூட்டர் ஜெசிந்தா வந்தாள். எட்டு வருடம் வார்டில் வேலை பார்த்துவிட்டு ஆசிரியையானவள். பகுதிநேரமாக பிஎச்.டி.க்குப் பதிவு செய்திருக்கிறாள். ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி சென்னையில் நிபுணர் குழு முன்னால் முன்மொழிவு வைக்க வேண்டும். அதில் தவறினால் பதிவு ரத்து, நான்கு வருடக் காத்திருப்பு வீண்.

"மேடம், அந்த ஸ்கோல்வென் கட்டுரை கொஞ்சம் அனுப்பி வைங்க. என் ஆய்வே அதுமேலதான் நிக்குது."

கணினி பழுது என்றேன்.

"பரவால்ல மேடம், வைத்தீஸ்வரன் சார் ஸ்லைட்ல பக்க எண்ணே இருக்கு. ஆனா குழுவுல ஒரு அம்மா இருக்காங்களாம். மேற்கோள் காட்டற கட்டுரை ஒவ்வொண்ணையும் எடுத்துக் காட்டச் சொல்வாங்களாம். இல்லாததைப் போட்டிருந்தா அங்கயே வெளிய அனுப்பிடுவாங்களாம்."

"வேற தலைப்பு எடுத்துக்கயேன். அது பழசாயிடுச்சு" என்றேன்.

"ரெண்டு வருசம்தானே மேடம் ஆச்சு?"

எந்த வருடம் என்று நான் சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை. அதையும் யாரோ சேர்த்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 2, புதன்

சொல்லிவிட்டேன். எல்லார் முன்னாலும், மேடையேறி, மைக்கில்.

"ஸ்கோல்வென் என்று ஒரு கட்டுரை கிடையாது. நான் அன்றைக்கு எதையும் படிக்காமல் வந்தேன். அந்த ஆய்வை நானே கற்பனை செய்தேன். மன்னிக்க வேண்டும்."

மைக்கைத் திரும்ப வைத்தேன்.

டீன் எழுந்து கை தட்டினார். "பார்த்தீங்களா! எல்லாரும் பதிவேட்ல ஏனோதானோன்னு எழுதறீங்க. ஒரு மூத்த ஆசிரியை தெரியலைன்னு எப்படிச் சொல்லோணுமின்னு மேடம் நடிச்சே காட்டிட்டாங்க. இப்பிடி இருக்கோணும்!"

அரங்கமே தட்டியது. "சார், நடிப்பு இல்லை" என்றேன். "அதுதானுங்க மேடம் அழகே" என்றார். வைத்தீஸ்வரன் என் தோளருகே குனிந்து, "கட்டுரை இருக்கு மேடம், கவலைப்படாதீங்க. நான் படிச்சிருக்கேன்" என்று ஆறுதல் சொன்னார்.

ஜெசிந்தா இன்று வரவில்லை. லைப்ரரியில் இருந்தாளாம். எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது என்பதை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன்.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப் பதினெட்டு. மோகனூரில் காவிரி நிறைய ஓடியது. எனக்குச் சாமி கும்பிட மனசு வரவில்லை.

ஆகஸ்ட் 4, வெள்ளி

நர்சிங் கல்லூரிக்கு நானே நடந்து போனேன். ஜெசிந்தா மட்டும் அறையில் இருந்தாள். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். எடை இயந்திரம் வரைக்கும் சொன்னேன்.

அவள் கை தட்டவில்லை.

"பதினஞ்சு நாளா அதைத் தேடிட்டு இருக்கேன் மேடம்" என்றாள். "கிடைக்கல. எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. அதான் தேடத் தெரியலைன்னு நினைச்சேன். பெரிய டாக்டருங்க எல்லாம் படிச்சிருக்காங்க, என் கண்ணுக்கு மட்டும் சிக்க மாட்டேங்குதே, நமக்கெல்லாம் எதுக்கு பிஎச்.டி.ன்னு நேத்து என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லி அழுதேன்."

கல்லூரியை ஏமாற்றியதில் எனக்கு உள்ளூர ஒரு சிரிப்பு இருந்துகொண்டே இருந்தது. கல்லூரி ஏமாறத் தகுதியானது என்று நினைத்தேன். இவளை நான் நினைக்கவே இல்லை. வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

"நான் உண்மையான கட்டுரைகள் எடுத்துத் தர்றேன் ஜெசிந்தா. இப்ப இருபத்தாறு படிச்சிருக்கேன். கூட உக்காந்து மாத்தி எழுதிடலாம்."

"வேணாம் மேடம்" என்றாள். "யார் யாரெல்லாம் அதைப் படிச்சேன்னு சொன்னாங்க, அதை மட்டும் சொல்லுங்க."

இத்தனை நாளில் என்னிடம் அப்படிச் சொன்னவர்களின் பெயர்களைச் சொன்னேன். எழுதிக்கொண்டாள். பதினாலு பேர்.

ஆகஸ்ட் 5, சனி

வாஷர் மாற்றியாகிவிட்டது. இன்னும் ஒழுகுகிறது.

ஆகஸ்ட் 14, திங்கள்

ஜெசிந்தா சென்னையிலிருந்து திரும்பிவிட்டாள். என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கமாகத் திரும்பிப் போகிறாள். அலுவலகத்தில் விசாரித்தேன். தலைப்பையே மாற்றிக்கொண்டு போனாளாம், குழு ஏற்றுக்கொண்டதாம். ஆனால் ஒரு நிபந்தனை. நம் ஆசிரியர்களிடமே ஒரு சிறு முன்னோட்டம் நடத்திக் காட்டி, முழு ஆய்வுக்கு டீனின் அனுமதிக் கடிதத்தை இந்த மாதத்துக்குள் அனுப்ப வேண்டும். கடிதம் போகாவிட்டால் ஏற்றது செல்லாது.

புதுத் தலைப்பு என்ன என்று அலுவலகத்துக்குத் தெரியவில்லை. 'ஏதோ வாசிப்புங்க மேடம்' என்றார்கள்.

ஆகஸ்ட் 21, திங்கள்

ஜெசிந்தாவின் கேள்வித்தாள் வந்தது. 'ஆசிரியர்களின் வாசிப்புப் பழக்கம்.' பெயர் எழுத வேண்டாம். மருத்துவக் கல்வி பற்றிய ஆறு கட்டுரைகளின் தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே 'படித்தேன்', 'படிக்கவில்லை' என்று இரண்டு கட்டம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெண்ணே, யாரிடம் உன் வேலை? ஆறில் ஒன்று இல்லாத கட்டுரை. அது எது என்பது பார்த்ததும் தெரிந்துவிட்டது: நான்காவது. தேர்வுக்காக நோயாளி போல நடிக்க வருபவர்கள் தேர்வு முடிந்து வீட்டுக்குப் போனபின் அழுவது பற்றி. யார் இதையெல்லாம் ஆராய்வார்கள்?

நேர்மையாகப் பூர்த்தி செய்தேன். இரண்டு, நான்கு, ஆறு: படிக்கவில்லை. எத்தனை லேசாக இருக்கிறது இந்த வார்த்தை! ஒன்று, மூன்று, ஐந்து: படித்தேன். மூன்றும் 'அவசரம்' ஃபோல்டரில் இருந்தவை. முக்கியமாக ஐந்தாவது, வார்டு ரவுண்டு முடிந்ததும் நடைவழியில் நின்றபடியே மாணவர்களின் தவறைத் திருத்துவது பற்றியது, நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதில் ஓர் அட்டவணைகூட உண்டு.

இரண்டு மாதத்துக்கு முன்னால் இருந்த பொற்கொடி வேறு, இந்தப் பொற்கொடி வேறு.

ஆகஸ்ட் 30, புதன்

மூன்று மணி. ஜெசிந்தா மேடையில்.

"மொத்தம் அறுபத்திரண்டு பேர் பூர்த்தி செஞ்சு குடுத்தீங்க. ஆறு தலைப்புல ஒண்ணு மட்டும் நான் உருவாக்கினது. அப்படி ஒரு கட்டுரை உலகத்துலயே இல்ல. அதை முப்பத்தொரு பேர் படிச்சதாச் சொல்லியிருக்காங்க."

அடுத்த ஸ்லைடைப் போட்டாள். ஐந்தாவது.

முதலில் நான் நம்பவில்லை. இவள் தவறாகப் போட்டுவிட்டாள் என்றுதான் நினைத்தேன். எனக்கு அந்த அட்டவணை தெரியும். இடப்பக்கம் வார்டுகள், வலப்பக்கம் சதவீதங்கள். கண்ணை மூடினால் இப்போதும் தெரிகிறது.

அரங்கம் கொதித்தது. அறுவை சிகிச்சைத் துறைத்தலைவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "நம்ம சோத்தைத் தின்னுட்டு நம்மளையே சோதிக்கறதா? ஒரு நர்சிங் ட்யூட்டர் எங்களுக்குப் பரீட்சை வைக்கறதா? சார், இந்த ஆய்வு இங்க நடக்கக் கூடாது."

"ஆமா சார்." "கண்டிக்கோணும் சார்." ஆளுக்கு ஒரு குரல். டீன் மேசையிலிருந்த அனுமதிக் கடிதத்தைக் கையில் எடுத்தார். இன்னும் கையெழுத்தாகாத கடிதம். இரண்டாக மடித்தார். "ஜெசிந்தா, இது கொஞ்சம் அவமானப்படுத்தற மாதிரி இருக்குதும்மா. மாசம் முடியட்டும், பார்க்கலாம்" என்றார்.

மாதம் நாளையோடு முடிகிறது. அது ஜெசிந்தாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் யாரையும் பார்க்கவில்லை. லேப்டாப் வயரைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

நான் எழுந்து கையைத் தூக்கினேன்.

"ஐந்தாவதுக்குப் படித்தேன் என்று போட்டவர்களில் ஒருத்தி நான்" என்றேன். "சார், இன்றைக்கும் நடிப்பு இல்லை. அன்றைக்கு எடை மெஷினைப் பார்த்துச் சொன்னபோது பொய் சொல்கிறேன் என்று எனக்குத் தெரியும். இது அதைவிட மோசம். இதை நிஜமாகவே படித்தேன் என்று நம்பித்தான் டிக் போட்டேன். இந்தப் பெண் கேட்காவிட்டால் சாகிறவரைக்கும் நம்பிக்கொண்டிருப்பேன். எனக்கு இது தெரிய வேண்டும் சார். ஏன் இப்படி ஆகிறது என்று அவள் கண்டுபிடித்துச் சொல்லட்டும்."

இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை. கையை இறக்கலாமா கூடாதா என்று புரியாமல் தூக்கியபடியே நின்றேன். தோள் வலித்தது.

பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. வைத்தீஸ்வரன். முகம் சிவந்திருந்தது. மெதுவாகக் கையைத் தூக்கினார். "நான் அதை ரெண்டு தடவை படிச்சதா நினைச்சேன் மேடம்" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. பொய் சொல்லவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. இத்தனை வருடத்தில் முதல்முறையாக அவரை எனக்குப் பிடித்தது.

அப்புறம் பின்வரிசையில் மூன்று கை. குழந்தைகள் நலத்துறையில் மொத்தமாக ஐந்து. யாரோ சிரித்தார்கள், சிரித்தவரே தூக்கினார். அதன் பிறகு வரிசைக்கு வரிசை கைகள். அறுவை சிகிச்சைத் துறைத்தலைவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தலையைச் சொறிவது போல ஒரு கையைத் தூக்கி அங்கேயே வைத்துக்கொண்டார்.

டீனுக்கு எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. பேனாவால் ஒவ்வொருவராகச் சுட்டி எண்ணினார். "முப்பது. ஒண்ணு குறையுதே. யாருங்க அது?"

ஜெசிந்தா வயரைச் சுருட்டுவதை நிறுத்தியிருந்தாள். டீன் வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார், கடைசி வரிசை வரைக்கும் எட்டிப் பார்த்தார். பிறகு பேனாவை மேசையில் வைத்தார். வலது கையில் ஜெசிந்தாவின் கடிதம் இருந்ததால் இடது கையைத் தூக்கினார்.

கடிதம் நாலரை மணிக்குக் கையெழுத்தாகி வந்துவிட்டது. மடிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.